ஓடும் கூழாங்கல்: அரேபியப் பாலைவனத்தில் கும்பிடுபூச்சியைத் தேடிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

வார விடுமுறைக்குப் பாலைவனம் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் மணல்மேட்டில் வண்டியை ஏற்றி இறக்கிவிட்டு, கோழியைச் சுட்டுத் தின்றுவிட்டு, இருட்டியதும் அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். நானும் நாலைந்து வருடம் அப்படித்தான். ஒரு ஜனவரிக் காலையில், ஷார்ஜாவைத் தாண்டி மலீஹா போகிற வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது, என் காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்த கூழாங்கல் ஒன்று ஓடியது. ஓடி, நின்றது. நின்றதும் மறுபடியும் கல்லாகிவிட்டது. பக்கத்தில் நின்ற நண்பரிடம் விரலை நீட்டிக் காட்டினேன், அவர் ‘எங்கே, எங்கே’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாரே தவிர கடைசி வரை அவர் கண்ணுக்கு அது படவே இல்லை.

அது கல் இல்லை, பாலைவனத் தரையில் வாழும் ஒரு கும்பிடுபூச்சி. அதற்கப்புறம் இரண்டு குளிர்காலம் அதைத் தேடினேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பூச்சி இல்லாமல் இல்லை, நான் தேடிய விதம்தான் தப்பு. எங்கே, எப்போது, எப்படித் தேடுவது, கிடைத்தால் அது வேட்டையாடுவதை எப்படி உட்கார்ந்து பார்ப்பது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஊரில் பார்த்த கும்பிடுபூச்சியை மறந்துவிடுங்கள்

நம் ஊரில் செடியில் உட்கார்ந்திருக்கும் பச்சைப் பூச்சி எல்லோருக்கும் தெரியும். நீளமான உடம்பு, முக்கோணத் தலை, கூப்பிய கை. சில ஊரில் இடையன் பூச்சி என்பார்கள், சில ஊரில் தயிர்க்கடைப் பூச்சி. அது முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்தால் தயிர் கடைகிற கை ஞாபகம் வரத்தான் செய்கிறது. அரபியில் இதற்கு ஃபரஸ் அந்நபி, அதாவது நபியின் குதிரை என்று பெயர். எங்கள் கட்டடக் காவலாளி, எகிப்துக்காரர், என் போன் படத்தைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு நிமிடம் கழித்து, ‘ஆனால் இது அது மாதிரி இல்லையே’ என்று இழுத்தார்.

இழுத்தது நியாயம்தான். பாலைவனத் தரையில் வாழும் இந்த வகையின் பேரினப் பெயர் எரிமியாஃபிலா. பாலையை விரும்புவது என்று கிரேக்கத்தில் பொருள் வரும். லெஃபேவ்ர் என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் 1835ல் வைத்த பெயர். சகாராவில் தொடங்கி எகிப்து, அரேபியா, ஈரான், பாகிஸ்தான் வரை இதில் 60க்கும் மேற்பட்ட இனங்கள் பரவியிருக்கின்றன. இனத்துக்கு இனம் வித்தியாசம் கண்டுபிடிப்பது நிபுணர்களுக்கே தலைவலி, அதனால் ‘எந்த இனம்’ என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அளவு இரண்டு மூன்று செ.மீ.தான். கட்டைவிரலின் முதல் கணுவில் அடங்கிவிடும். உடம்பு குட்டை, முதுகெல்லாம் சின்னச் சின்ன மேடுபள்ளம், மேலே மணல் தூவினாற்போல ஒரு சொரசொரப்பு. இறகு இருக்கிறது, ஆனால் அரைக்கைச் சட்டை சுருங்கிப் போன மாதிரி இருக்கும், அதை வைத்துப் பறக்க முடியாது. இந்தக் குட்டை உடம்பை மிக நீளமான, மெல்லிய நடுக்கால்களும் பின்கால்களும் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் சிலந்தியோ என்று தோன்றும். முன்னங்கைகளை மார்போடு ஒட்டி மடித்து வைத்திருப்பதால் கும்பிடுகிற தோற்றமே சரியாக வராது.

நிறம் தரையைப் பொறுத்தது. வெளிறிய மணலில் வெளிறியது, செம்மண் கலந்த தரையில் செம்பழுப்பு, கருங்கல் சிதறிய இடத்தில் சாம்பல் கலந்த கறுப்பு. ஒரே வாடியில், அதாவது வறண்ட ஆற்றுப் படுகையில், நூறு அடி தள்ளி, வேறு நிறத்தில் பார்த்திருக்கிறேன்.

படி 2: இடமும் நேரமும்

நான் செய்த முதல் தப்பு, விளம்பரப் படங்களில் வருகிற மாதிரி சிவந்த பெரிய மணல்மேடுகளில் போய்த் தேடியது. அங்கே கால் புதைந்ததுதான் மிச்சம். இந்தப் பூச்சி ஓடிப் பிழைப்பது, ஓடுவதற்குக் கெட்டியான தரை வேண்டும். மணலும் சரளைக்கல்லும் கலந்து இறுகிய சமவெளி, வாடியின் ஓரம், மலையடிவாரத்தில் கல் சிதறிக் கிடக்கும் திறந்த வெளி, இவைதான் இடம். ஆங்காங்கே முழங்கால் உயரத்துக்குப் புதர் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் புதர் இருக்கும் இடத்தில் எறும்பும் ஈயும் சின்ன வண்டும் இருக்கும். தூரத்தில் ஒரு கஃப் மரம் தெரிந்தால் அந்தப் பக்கம் போங்கள். அது வேறொன்றும் இல்லை, நம் ஊர் வன்னி மரம்தான், இங்கே எமிரேட்ஸின் தேசிய மரம். கோவில் பிரகாரத்தில் சுற்றி வந்த மரத்தை இந்த வெயிலில் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பேச்சு வராது, அது தனிக் கதை.

காலம், நவம்பர் பாதியிலிருந்து மார்ச் கடைசி வரை. இது பூச்சியின் வசதியைவிட நம் வசதிக்காகச் சொல்வது, கோடையில் நடுப்பகல் மணல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது நாம் அங்கே நிற்கவே முடியாது. நேரம்தான் முக்கியம். விடியற்காலையில் போகாதீர்கள், நான் அப்படிப் போய்ப் பல காலைகளை வீணடித்தேன். பறவை பார்க்கிறவர்களின் பழக்கத்தை இதற்கும் பொருத்திவிட்டேன், அதுதான் காரணம். இது வெயில் பூச்சி. தரை சூடேறி, நீங்கள் குல்லாவைத் தேடுகிற நேரம், அதாவது குளிர்காலத்தில் ஒன்பதரை மணிக்கு மேல்தான் அது சுறுசுறுப்பாகும். அதற்கு முன்னால் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்து, உடம்பை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு கிடக்கும். அப்போது அதைக் கண்டுபிடிக்க முடியாது.

படி 3: நடங்கள், நில்லுங்கள், நிழலைப் பாருங்கள்

இதுதான் மொத்த வித்தையும். அசையாமல் இருக்கும் பூச்சியைக் கண்ணால் துழாவி எடுக்க முடியாது. அதை அசைய வைக்க வேண்டும், அசையும் நொடியில் உங்கள் கண் சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

சூரியன் உங்களுக்கு முன்னால், கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கிற மாதிரி நடங்கள். முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் உங்கள் நிழல் முன்னே போய் எல்லாவற்றையும் உறைய வைத்துவிடும். பத்து எட்டு மெதுவாக வைத்து, நின்று, இருபது வரை எண்ணுங்கள். காலடிக்கு மூன்று நாலு அடி முன்னால் பாருங்கள், அதற்கு மேல் பார்ப்பதில் பயன் இல்லை. எந்த ஒரு பொருளையும் உற்றுப் பார்க்காதீர்கள், தரை முழுவதையும் மேலோட்டமாக, பேருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல. ஓரக்கண்ணில் ஏதோ ஒன்று நகரும். எறும்பு நூல் பிடித்தாற்போல விடாமல் நகரும், வண்டு தள்ளாடி நகரும், இது மட்டும் ஒரு முழம் சர்ரென்று ஓடிச் சட்டென்று நிற்கும். அந்த ஓட்டமும் நிற்றலும்தான் அடையாளம்.

நின்ற இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். செருப்பில் முள் ஏறினாலும் சரி, போன் அடித்தாலும் சரி. கண்ணை எடுத்தால் போச்சு, திரும்பி அந்த இடத்தைப் பார்க்கும்போது அங்கே நாற்பது கற்கள் இருக்கும். கண்ணை வைத்தபடியே கையால் தடவி ஒரு குச்சியையோ சாவிக்கொத்தையோ எடுத்து அதன் அருகில், ஒரு அடி தள்ளி, மெல்ல வையுங்கள். இனிமேல் தொலைக்க மாட்டீர்கள். அப்புறம் நிழலைத் தேடுங்கள். கல்லின் நிழல் கல்லோடு ஒட்டியிருக்கும், இது கால் ஊன்றி நிற்கும்போது உடம்புக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கீற்று தெரியும். என் நண்பருக்கு இப்போதெல்லாம் அந்தக் கீற்றைச் சொன்னதும் பிடிபட்டுவிடுகிறது.

படி 4: உட்காருங்கள், வேட்டையைப் பாருங்கள்

ஐந்தாறு அடி தள்ளி உட்காருங்கள். குத்துக்காலிட்டு அல்ல, ஏதாவது விரித்து முழுசாக உட்காருங்கள், அரை மணி நேரமாவது ஆகும். முதல் பத்து நிமிடம் அது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் கண்ணில் ஒரு கரும்புள்ளி தெரியும், நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் புள்ளி உங்கள் பக்கமே வரும். அது விழிமணி இல்லை. ஆயிரக்கணக்கான சிறு கண்கள் சேர்ந்த கூட்டுக்கண்ணில், உங்களுக்கு நேராக இருக்கும் கண்கள் மட்டும் வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்வதால் கறுப்பாகத் தெரிகிறது. இரண்டு பெரிய கூட்டுக்கண் போக, நெற்றியில் மூன்று சின்னக் கண்களும் உண்டு.

நீங்கள் அசையாமல் இருந்தால் அது உங்களை மறந்துவிடும். அப்புறம் தொடங்கும்.

நான் நன்றாகப் பார்த்த ஒரு வேட்டையைச் சொல்கிறேன். சுலைமானி டீ குடித்துக்கொண்டிருந்தேன், நல்ல இனிப்பு. கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது. இத்தனை வெட்ட வெளியில் எங்கிருந்து மோப்பம் பிடித்ததோ, ஐந்து நிமிடத்தில் மூன்று ஈக்கள். பூச்சி இரண்டு அடி தள்ளி இருந்தது. முதலில் தலை மட்டும் திரும்பியது, உடம்பு அப்படியே. நம்மைப் போலக் கழுத்தைத் திருப்பி ஒன்றைப் பார்க்கிற பூச்சி அபூர்வம், பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கும். பிறகு கால்களை நகர்த்தாமல் உடம்பை இடமும் வலமும் ஆட்டியது. தூரத்தை அளக்கும் முறை அது: தலையைப் பக்கவாட்டில் ஆட்டும்போது பக்கத்தில் உள்ள பொருள் அதிகமாக நகர்வது போலத் தெரியும், தள்ளி உள்ளது குறைவாக. ஓடும் ரயிலில் தந்திக் கம்பம் ஓட, தூரத்துப் பனைமரம் நிற்குமே, அதே கணக்கு.

அளந்ததும் ஓடியது. செடியில் வாழும் கும்பிடுபூச்சி இரை வரும் வரை மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். மறைந்து காத்திருக்க இலையும் கிளையும் இல்லாத இங்கே அந்தப் பிழைப்பு போதாது, இரை இருக்கும் இடத்துக்கு இதுவே போக வேண்டும். ஒரு சாண் ஓட்டம், நிற்றல், மறுபடி ஆட்டம், மறுபடி ஓட்டம். ஈ நகரும்போது இதுவும் நகர்ந்தது, ஈ நின்றால் இதுவும் நின்றது. கடைசி ஓட்டத்துக்குப் பிறகு மூக்கு முட்டும் தூரத்தில் நின்று ஒரு விநாடி ஒன்றுமே செய்யவில்லை. அதற்கப்புறம் நான் பார்த்தது ஈ அதன் கையில் இருந்ததை மட்டுமே. கை நீண்டதை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. கும்பிடுபூச்சியின் வீச்சு பொதுவாக ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கை என்பது பாக்குவெட்டி மாதிரி: இரண்டு துண்டும் மடிந்து ஒன்றின் மேல் ஒன்று விழும், இரண்டிலும் முள் வரிசை, நடுவில் சிக்கியது தப்பாது.

கொன்றுவிட்டுத் தின்னும் வழக்கம் இல்லை, விஷமும் இல்லை. பிடித்த இடத்திலிருந்து கடிக்கத் தொடங்கிவிடும், ஈ இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். இரண்டு நிமிடத்தில் ஒரு இறகும் இரண்டு காலும் தரையில் விழுந்தன, மீதி உள்ளே போனது. பிறகு பூனை போலக் கைகளை ஒவ்வொன்றாக வாயில் விட்டுச் சுத்தம் செய்து, அதே கையால் கண்ணையும் துடைத்தது. இதைப் பார்க்காமல் எழுந்து வராதீர்கள், எனக்கு வேட்டையைவிட இதுதான் பிடிக்கும்.

இந்தக் கண்ணையும் கையையும் பற்றி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தவை சில உண்டு, செடியில் வாழும் மற்றக் கும்பிடுபூச்சிகளை வைத்துச் செய்தவை. பிரிட்டனில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜெனி ரீட் என்பவரின் குழு, கும்பிடுபூச்சிக்குத் தேன்மெழுகால் குட்டி முப்பரிமாணக் கண்ணாடி ஒட்டி, திரையில் பூச்சிப் படம் ஓட்டிக் காட்டியது. திரை தூரத்தில் இருந்தும், படம் கைக்கெட்டும் தூரத்தில் மிதப்பது போலத் தெரிந்தபோது பூச்சி கையை வீசியது. 2016ல் இது வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து அதே குழு இன்னொன்றும் சொன்னது: இதன் இரு கண் பார்வை நம்முடையது மாதிரி அசையாத படத்தை ஒப்பிடுவதில்லை, மாறுகிற, அசைகிற இடத்தை மட்டும் ஒப்பிட்டுத் தூரம் கணக்கிடுகிறது. டீக்கறை பக்கம் ஈ நின்றதும் என் பூச்சியும் நின்றது இதனால்தானோ என்று எனக்குத் தோன்றியது.

2020ல் வந்த இன்னொரு ஆய்வில், மெதுவாக வரும் இரைக்கு மெதுவாகவும் வேகமாக வருவதற்கு வேகமாகவும் வீசுகிறது, நடுவில் ஒரு கணம் தயங்கித் திருத்தியும் கொள்கிறது என்று தெரிந்தது. ஆக, பொறி மாதிரி ஒரே விசையில் மூடுகிற கை இல்லை இது. தலை எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று கைக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கலாம். கழுத்தில் நுண்ணிய முடிக்கற்றைகள் இருக்கின்றன, தலை திரும்பினால் அவை அழுந்தும். ஜெர்மானியரான மிட்டல்ஷ்டெட் 1950களில் அந்தத் தொடர்பைத் துண்டித்துப் பார்த்தபோது பூச்சிகள் குறி தவறின.

எல்லா வேட்டையும் வெற்றி இல்லை. கருப்பு வண்டு ஒன்றைப் பிடித்து, ஓடு வழுக்கி, விட்டுவிட்டு அதே இடத்தில் நின்றதை ஒரு தடவை பார்த்தேன். எறும்பு வரிசைக்கு ஓரமாக நின்று ஒவ்வொன்றாகத் தலையால் தொடர்ந்துகொண்டே இருந்து, ஒன்றையும் தொடாமல் போனதும் உண்டு. பசி இல்லையோ என்னவோ.

படி 5: வெயில் ஏற ஏற என்ன செய்கிறது என்று கவனியுங்கள்

இதைச் சும்மா ஒரு துணைப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தரையோடு ஒட்டிக் கிடந்தது, பதினோரு மணிக்கு மேல் காலை நீட்டி உடம்பை உயர்த்தி நிற்கும். தரைக்கு ஒட்டிய காற்றுதான் அதிகச் சூடு, ஒரு செ.மீ. உயர்ந்தாலே வித்தியாசம். நீளக் கால் ஓடுவதற்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரியும். தண்ணீர் பெரும்பாலும் இரையின் உடம்பிலிருந்தே கிடைத்துவிடும். மிச்சத்துக்கு, குளிர்காலத்தில் மூடுபனி இறங்கும் காலைகளில் கல்லில் திரளும் துளியைக் குடிக்கும்.

நீங்கள் மிக நெருங்கிவிட்டால் முதலில் ஓடும். மூலையில் மடக்கிவிட்டால் அந்தக் குட்டை இறகைப் படாரென்று உயர்த்திக் காட்டும். பல இனங்களில் உள்பக்கம் அடர்ந்த கறை அல்லது பளிச்சென்ற நிறம் இருக்கும். பல்லியையோ வானம்பாடியையோ ஒரு நொடி திகைக்க வைக்கத்தான் அது. அதைப் பார்க்க ஆசைப்பட்டு மடக்காதீர்கள், நான் ஒரு தடவை செய்துவிட்டு வெட்கப்பட்டேன். கால் ஒடிந்தால் ஓடிப் பிழைக்கும் பூச்சிக்கு அது சாவு.

படி 6: முட்டை முதல் இறகு வரை

வளர்ந்த பெண் பருமனாக, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி இருக்கும், ஆண் ஒல்லி. இணைந்த பிறகு ஆணைப் பெண் தின்றுவிடும் என்று எல்லோரும் கதை சொல்வார்கள். கும்பிடுபூச்சிகளில் அது நடப்பதுண்டு, ஆனால் எல்லா இணைதலிலும் நடப்பதில்லை, பெண்ணின் பசிக்கு அதில் பெரிய பங்கு.

முட்டை வைக்கும் விதம்தான் விசேஷம். ஊர்ப் பூச்சி குச்சியிலோ சுவரிலோ நுரையை ஒட்டி, அது காய்ந்து கூடாகும். இங்கே ஒட்டக் குச்சி இல்லை. பெண் வயிற்று நுனியால் தரையைத் தோண்டி, உள்ளே நுரையோடு முட்டையை வைத்து, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிடும். சுற்றியுள்ள மணல் நுரையில் ஒட்டிக் காய்ந்துவிடுவதால் தோண்டி எடுத்தாலும் மண்கட்டி என்றுதான் நினைப்பீர்கள். தோண்டாதீர்கள்.

குஞ்சு எறும்பளவில் வெளியே வந்து, வந்த நாள் முதலே வேட்டைதான். புழுப் பருவம், கூட்டுப் பருவம் எல்லாம் கிடையாது, பெரியதின் சிறு பிரதிதான். தோல் உரித்து உரித்து வளரும். புதர் அடியில் மெல்லிய, காலோடு கூடிய வெற்றுத் தோல் கிடைத்தால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் பூச்சி இருக்கிறது என்று நம்பி உட்காரலாம். கரப்பானும் கறையானும் இதற்கு நெருங்கிய உறவு. வீட்டில் சொன்னால் இதன் மேல் இருக்கும் மரியாதை போய்விடும், அதனால் நான் சொல்வதில்லை.

படி 7: ராத்திரி தங்கினால்

எரிமியாஃபிலா இரவில் கிடைக்காது. ஆனால் அதே பாலைவனத்தில் புதர்களில் வாழும் இன்னொரு கும்பிடுபூச்சி உண்டு, பிளஃபராப்சிஸ். ஐந்தாறு செ.மீ. நீளம், பச்சையும் வெள்ளையும் கலந்த கோலம், ஓரத்தில் முள் வைத்த மாதிரி விரிந்த மார்பு. கானரித் தீவிலிருந்து வட ஆப்பிரிக்கா, அரேபியா வழியாக இந்தியாவின் வறண்ட மேற்குப் பக்கம் வரை பரவியது. இதன் குஞ்சு காய்ந்த முள்செடியின் நிறத்தில், வயிற்றை மேல்நோக்கிச் சுருட்டிக்கொண்டு தொங்கும். டார்ச்சை உங்கள் கண் மட்டத்தில் பிடித்து முள்புதர்களை மெல்லத் துழாவுங்கள், அவசரம் வேண்டாம்.

இரவில் தேடும்போது கணுக்கால் மூடிய பூட்ஸ் கட்டாயம். கொம்பு விரியன் மணலுக்குள் புதைந்து கண் மட்டும் தெரியக் கிடக்கும், சுருட்டை விரியனும் இங்கே உண்டு. புதருக்கு அடியில் வெறுங்கையை விடக் கூடாது. கல்லைப் புரட்டினால் திறப்பு உங்கள் பக்கம் வராமல், எதிர்ப்பக்கம் திறக்கிற மாதிரி தூக்குங்கள், தேள் வெளியே வரும் திசை அதுதான். புரட்டிய கல்லை இருந்தபடியே திரும்ப வையுங்கள்.

இன்னும் சில, அவசரமாக

தனியாகப் போகாதீர்கள், எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மலைப்பக்கம் மேகம் கறுத்தால் வாடிக்குள் நிற்காதீர்கள், மழை உங்கள் தலையில் பெய்ய வேண்டும் என்று இல்லை, வெள்ளம் வந்துவிடும். வேலி போட்ட காப்பு நிலம் என்றால் அனுமதி கேளுங்கள். ஒரு தடவை வாடகைக் காரை ‘இந்தத் தரை கெட்டிதான்’ என்று நம்பி இறக்கி, மூன்று மணி நேரம் மண் அள்ளினேன். வண்டி தார்ச்சாலை ஓரத்திலேயே இருக்கட்டும், பூச்சி அங்கிருந்து நூறு மீட்டரிலேயே கிடைக்கும்.

படம் எடுக்க, போனைத் தரை மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டிலிருந்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் கூழாங்கல் படம்தான் வரும், வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். பிடித்துக்கொண்டு வந்து டப்பாவில் வளர்க்கலாமா என்று கேட்காதீர்கள். கடும் வெயில், ஓட நீளமான தரை, நாளுக்கு நாள் மாறுகிற சூடு, இதெல்லாம் ஷேரிங் ரூமில் கட்டிலுக்கடியில் கிடைக்காது.

சாவிக்கொத்தை அடையாளமாக வைத்தீர்கள் இல்லையா, கிளம்பும்போது அதை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். நான் மறந்தேன். திரும்பிப் போய்த் தேடியபோது சாவி கிடைத்தது, அதன் வளையத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த கல் ஒன்று என்னைப் பார்த்ததும் ஓடியது.